பட்டறைப் பக்கம்: இராணுவம் கழித்த லாரிகளும் டிரெய்லர்களும்

சென்ற இதழில் வில்லிஸ் ஜீப் ஒன்றின் கார்புரேட்டரைப் பற்றி எழுதிய சிறு பதிலைப் படித்துவிட்டு, ஜீப்பைவிடப் பெரிய வண்டிகளை வைத்துக்கொண்டு திண்டாடும் வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் இராணுவம் கழித்துவிட்ட லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மலேசியாவின் குளுவாங்கில் என் மாமாவின் மர ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய லாரி நிற்கிறது. வலப்புற ஸ்டியரிங், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, அடிப்பகுதி ஓட்டுநரை நோக்கி உள்வாங்கிய முன்கண்ணாடி, கதவு கிடையாது. எஞ்சின் ஜப்பானிய டீசல். பின்னால் மரம் இழுக்கும் வின்ச் இருக்கிறது. தகட்டில் ஃபோர்டு என்ற பெயர் தெரிவதால், இது சிங்கப்பூரில் புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்த என் தாத்தா உறுதியாகச் சொல்கிறார். இதை இரண்டாம் உலகப் போர்க்கால உருவத்துக்குக் கொண்டுவர எங்கிருந்து தொடங்க வேண்டும்? (வாசகர், செம்பவாங்)

பதில்: தாத்தாவின் அனுபவத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அந்த ஒரு செய்தியில் மட்டும் அவரோடு மாறுபடுகிறேன். நீங்கள் சொல்லும் உள்வாங்கிய கண்ணாடி, கனடாவில் ஃபோர்டும் செவ்ரலேயும் ஒரே வடிவமைப்பில் செய்த போர்க்கால லாரிகளின் 13ஆம் எண் கேபினுக்கு உரிய அடையாளமாகும். வானத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எதிரி விமானத்துக்கு மின்னக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்தார்கள். அந்தக் கேபின் 1941ஆம் ஆண்டின் இறுதியில்தான் உற்பத்திக்கு வந்தது. புக்கிட் தீமா தொழிற்சாலையோ 1941 அக்டோபரில் திறக்கப்பட்டு, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை சரணடைந்த இடமாகவே வரலாற்றில் நின்றுவிட்டது; ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே ஜப்பானிய இராணுவத்துக்காக நிசான் வண்டிகள் பாகம் பூட்டி உருவாக்கப்பட்டன. எனவே உங்கள் லாரி கனடாவில் உருவாகி, 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியபோதோ அதற்குப் பிறகோ மலாயாவில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான முடிவு. மலாயா ஃபோர்டு நிறுவனம் கனடா ஃபோர்டின் கிளையாகத்தான் இயங்கியது என்பதால், தாத்தாவுக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை.

போர் முடிந்ததும் இவ்வகை லாரிகள் ஏலத்தில் போய் மரம் வெட்டுவோர் கைக்கு வந்தன. மலேசியக் காடுகளில் இவற்றைச் சீனர்கள் சான் தாய் வோங், அதாவது மலையரசன் என்றும், மலாய்க்காரர்கள் லோரி ஹந்து, அதாவது பேய் லாரி என்றும் அழைத்தார்கள். ஆபத்து வந்தால் குதித்துத் தப்பக் கதவைக் கழற்றியதும், பெட்ரோல் குடிக்கும் எஞ்சினை எடுத்துவிட்டு டீசலைப் பொருத்தியதும், வின்ச்சை ஏற்றியதும் காட்டு மெக்கானிக்குகளின் கைவேலை. இங்கேதான் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இந்த வண்டி இராணுவத்தில் இருந்தது சில ஆண்டுகள். காட்டில் உழைத்ததோ பல பத்தாண்டுகள். போர்க்கால லாரியாக மீட்கப்பட்டவை உலகெங்கும் நிறையவே உள்ளன. கனடாவில் செய்யப்பட்ட இந்த வகை லாரிகளே 4 இலட்சத்துக்கும் மேல். காட்டு லாரியாகவே காக்கப்பட்டவை மிகக் குறைவு. என்னைக் கேட்டால் டீசலையும் வின்ச்சையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். போர்க்கால உருவந்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், கழற்றுகிற எதையும் விற்றுவிடாமல் பெயரெழுதிக் கட்டிவையுங்கள்.

எந்த உருவமானாலும் தொடக்கம் வண்டியின் அடிச்சட்டமான சாசிஸ்தான். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்து பாருங்கள். இந்த வகையின் 3 டன் லாரிகளில் அது ஏறத்தாழ 134 அங்குலமாகவோ 158 அங்குலமாகவோ இருக்க வேண்டும். இரண்டிலும் சேராத அளவு வந்தால், சாசிஸை எங்கோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது, எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கும் வரை வேறு எந்த வேலைக்கும் பணம் செலவழிக்காதீர்கள். சாசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் சுமையின் வளைவைத் தாங்குகின்றன என்பதால், அவ்விடங்களில் ஓட்டை போடுவதும் குறுக்காக நேர்க்கோட்டில் வெல்டிங் செய்வதும் பின்னாளில் விரிசலாகத் திறந்துகொள்ளும்.

இரட்டைத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த இடங்களைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரு தகடுகளுக்கும் நடுவே சேரும் துரு உப்பி, ரிவெட்டையே பிளந்துவிடும். மணி போன்ற ஓசை வந்தால் நல்லது. மண்சுவரைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தால், ரிவெட்டைச் சீவி எடுத்துத் தகட்டைப் பிரித்து, மணல் பீய்ச்சித் துருவை அகற்றி, எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிச்சாயம் பூசிவிட்டு மீண்டும் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. மேலாகச் சாயம் பூசி மறைத்தால் அது உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

கேள்வி: தேசிய சேவையில் போக்குவரத்துப் பிரிவில் ‘டன்னர்’ என்ற இராணுவ லாரி ஓட்டியவன் நான். ஆறு சக்கரங்களுக்கும் இழுவை உள்ள போர்க்கால அமெரிக்க ஜிஎம்சி லாரி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கே சாலையில் ஓட்ட ஆசை. முடியுமா, ஐயா? (வாசகர், சுவா சூ காங்)

பதில்: ஆசையைக் கெடுக்க விருப்பமில்லை, தம்பி. ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் எழுத்து மூலம் பதில் வாங்க வேண்டிய இடம் நிலப் போக்குவரத்து ஆணையம். பயன்படுத்திய கார் ஒன்றைச் சாதாரண முறையில் இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது 3 ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. சரக்கு வாகனங்களின் ஆயுளுக்கே 20 ஆண்டு என்ற வரம்பு உண்டு. 35 ஆண்டைக் கடந்த பழம்பெரும் வாகனங்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது என்றாலும், அதில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே ஓட்டலாம். அத்திட்டத்தைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கார்காரர்களே என்பதால், 6 சக்கர லாரி, அதுவும் இடப்புற ஸ்டியரிங் கொண்ட லாரி, அதற்குள் வருமா என்று வண்டியின் படங்களையும் எடையையும் இணைத்துக் கேளுங்கள். விற்பவர் சொல்லும் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற வார்த்தை துறைமுகத்தில் செல்லாது.

ஓட்டுநர் உரிமத்தையும் பாருங்கள். அந்த லாரியின் வெற்று எடை ஏறத்தாழ 5 டன். 2,500 கிலோவுக்கு மேல் 7,250 கிலோ வரை வெற்று எடை உள்ள வண்டிக்கு நான்காம் வகுப்பு உரிமம் வேண்டும். இராணுவத்தில் பெற்ற உரிமம் தானாகப் பொதுச் சாலைக்கு உரிமமாகிவிடாது, மாற்றிக்கொள்ள வேண்டும். சுமையோடு சேர்த்து 5,000 கிலோவைத் தாண்டும் லாரிக்கு நிறுத்துமிடச் சான்றிதழும் தேவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலே போய்த் தூங்கிவிட முடியாது. தனியார் நிலத்தில் வைத்து மீட்டு, கண்காட்சிக்கு வேறொரு லாரியின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: பழைய பெட்ஃபோர்டு இராணுவ லாரியின் சக்கரங்களில் வளையம் வைத்த ரிம் இருக்கிறது. மூன்று டயர் கடைக்காரர்கள் தொட மறுத்துவிட்டார்கள். வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாமா? (வாசகர், ஹவ்காங்)

பதில்: கூடாது. உங்களை மறுத்த மூவரும் தொழில் தெரிந்தவர்கள்.

அந்த ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு வெட்டு வளையம் மட்டுமே. 20 அங்குல ரிம்மில் ஏறும் பெரிய லாரி டயர் ஒன்றின் ஒரு பக்கச் சுவர் சுமார் 900 சதுர அங்குலம் பரப்புள்ளது. சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்று அடைத்தால், பெருக்கிப் பாருங்கள், 45,000 பவுண்டு, அதாவது 20 டன் அளவு விசை அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. வளையமோ அது உட்காரும் பள்ளமோ துருவில் அரித்திருந்தால், அந்த விசையின் பெரும்பங்கு வளையத்தைத் துப்பாக்கிக் குண்டு போல வீசியெறியும். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு முறை, காற்று ஏறிக்கொண்டிருந்த சக்கரத்தின் வளையம் பிய்த்துக்கொண்டு கூரைத் தகரத்தைக் கிழித்து வெளியே போய் விழுந்தது. காற்றடித்துக்கொண்டிருந்த அண்ணன் தேநீர் வாங்க இரண்டு நிமிடம் நகர்ந்திருந்தார். அன்றைக்குப் பிறகு இரும்புக் கூண்டு இல்லாமல் அந்தப் பட்டறையில் யாரும் லாரி சக்கரத்துக்குக் காற்றடித்ததில்லை.

ஜீப்பிலும் இராணுவ லேண்ட் ரோவரிலும் காணப்படும் மற்றொரு வகை ரிம் இரண்டு பாதிகளைச் சுற்றிலும் நட்டு போட்டு முடுக்கியது. வண்டியோடு சக்கரத்தைப் பூட்டும் நட்டுகள் வேறு, ரிம் பாதிகளைப் பூட்டும் நட்டுகள் வேறு. காற்று உள்ளே இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இராணுவம் அந்த நட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்துவைத்தது அதனால்தான். நீங்கள் மீண்டும் சாயம் பூசும்போது அழகு கருதிச் சிவப்பை மறைத்துவிடாதீர்கள். சக்கரத்தை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின் கம்பி ஒன்றை வால்வுக்குள் விட்டு அடைப்பு இல்லை என்று உறுதி செய்வது இரு வகைக்கும் பொது விதி. கனரக வாகன டயர் வேலை செய்யும் பட்டறைகளில் கூண்டு வைத்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: படப்பிடிப்புக்கு வாகனங்கள் வாடகைக்கு விடும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க இராணுவத்தின் எம்35 இரண்டரை டன் லாரி ஒன்று வந்திருக்கிறது. பிரேக் திரவம் ஊதா நிறத்தில் இருப்பது ஏன்? எங்கள் முதலாளி பின் அச்சு ஒன்றைக் கழற்றி, சாசிஸைக் குட்டையாக்கி, நாலு சக்கர லாரியாக மாற்றச் சொல்கிறார். (வாசகர், சுங்கை காடுட்)

பதில்: ஊதா நிறம் சிலிக்கோன் திரவத்தின் அடையாளம். அமெரிக்க இராணுவம் 1980களின் தொடக்கத்தில் தன் வாகனங்களைச் சிலிக்கோனுக்கு மாற்றியது. டப்பாவில் டாட் 5 என்று போட்டிருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைக்கோல் வகை, இரண்டையும் கலக்கக்கூடாது. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: டாட் 5.1 என்று விற்பது பெயரில் மட்டுமே டாட் 5க்கு உறவு. உள்ளே இருப்பது கிளைக்கோல்தான். சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது நல்லதே. ஆனால் உள்ளே எப்படியோ புகுந்த நீர் கலந்துபோகாமல் தாழ்வான சிலிண்டரில் தேங்கி அந்த ஓரிடத்தையே அரிக்கும். ஆகையால் சக்கர சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ரப்பர்களை மாற்றி, அதே சிலிக்கோனை நிரப்புங்கள்.

அந்த லாரியின் பிரேக் அமைப்பில் நிறத்தைவிடக் கவலைக்குரிய விஷயம் வேறு உண்டு. காற்றழுத்தம் உதவி செய்தாலும், சக்கரங்களுக்குப் போகும் திரவப் பாதை பிரேக் மிதியால் இயங்கும் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஒற்றைப் பாதை. ஆறு சக்கரங்களில் எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் ஆறுக்கும் பிரேக் போய்விடும். இரட்டைப் பாதையாக மாற்றுவது ஒன்றே இந்த லாரியில் நான் மனமார வரவேற்கும் மாற்றம். பழைய உறுப்புகளைப் பத்திரப்படுத்தினால் அதைத் திரும்பவும் பழையபடி ஆக்கலாம் என்பது கூடுதல் நன்மை.

அச்சைக் கழற்றும் யோசனை அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களிடையே பிரபலமானது. அங்கே காலி நிலம் ஏராளம். இங்கே அது என்ன செய்யும் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். பிரேக் டிரம் ஆறில் இரண்டு போய்விடும். சுமை தாங்கும் திறன் குறையும். முன்னச்சின் மேல் எடைப் பங்கு கூடுவதால், பவர் உதவி இல்லாத ஸ்டியரிங் இன்னும் கனக்கும். சாலைக்குக் கொண்டுவர நினைத்தால், இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஆணையத்தின் ஒப்புதல் இன்றி ஒரு அடிகூட நகர முடியாது. படத்தில் நடிக்கப்போகும் லாரிக்கு மூன்று அச்சும் இருப்பதுதானே அழகு?

கேள்வி: என்னுடைய லேண்ட் ரோவர், இராணுவ வானொலி பொருத்துவதற்காக அமைக்கப்பட்ட 24 வோல்ட் வகை. கேமராவுக்கும் கைபேசிக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தேன். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பேட்டரி செத்துப்போகிறது. அல்டர்னேட்டர் பழுதா? (வாசகர், பாசிர் ரிஸ்)

பதில்: பேட்டரிகளுக்கு மின்னேற்றும் அல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 ஆகின்றன. அல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. நீங்கள் ஒன்றிலிருந்து மட்டும் கறக்கும்போது அது இளைக்கிறது, மற்றது நிறைந்தே இருக்கிறது. கூட்டுத்தொகை 28ஐத் தொடும் வரை மின்னேற்றம் போய்க்கொண்டிருக்க, நிறைந்த பேட்டரி தன் பங்குக்கு மேல் வாங்கிக் கொதிக்கிறது; இளைத்தது முழுமையாக நிறைவதே இல்லை. ஒன்று பட்டினியால் சாகிறது, மற்றது அஜீரணத்தால் சாகிறது. இரண்டு பேட்டரிகளையும் ஒரே நாளில், ஒரே வகையில், ஒரே அளவில் புதிதாக வாங்குங்கள். 24ஐ 12ஆக இறக்கும் மாற்றி ஒன்றை இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்து இணைத்து, சிறு கருவிகளை அதிலிருந்து இயக்குங்கள்.

வண்டி முழுவதையும் 12 வோல்ட்டாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வானொலிக்கு இரைச்சல் போகாதபடி உலோக உறை போட்ட இக்னிஷன் வயரிங்தான் அந்த வண்டியின் தனித்தன்மை. அதைப் பிய்த்தெறிந்துவிட்டால் சந்தையில் கிடைக்கும் மற்ற லேண்ட் ரோவர்களுள் அதுவும் ஒன்றாகிவிடும்.

கேள்வி: லிம் சூ காங் பண்ணை ஒன்றில் சேங்கி நிறுவனத்தின் முக்கால் டன் இராணுவ டிரெய்லர் கிடைத்தது. சாதாரண வேனுக்குப் பின்னால் இழுக்க என்ன மாற்ற வேண்டும்? (வாசகர், ஜூரோங்)

பதில்: இணைப்பு, விளக்கு, பேரிங் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். அதன் மூக்கில் இருப்பது நேட்டோ நாடுகளின் பொது அளவான 76 மில்லிமீட்டர் உள்வட்டம் கொண்ட இரும்பு வளையம். வேனின் உருண்டைக் கொக்கியில் அது உட்காராது. வளையத்தை அறுத்துவிட்டு உருண்டைக்கான மூடியை வெல்டிங் செய்யப் பட்டறைக்காரர் முன்வருவார், தடுத்துவிடுங்கள். போல்ட்டில் கழற்றி மாட்டும் வகை மூடியே போதும், வளையம் பத்திரமாக இருக்கும். மின் இணைப்பு 24 வோல்ட்டுக்கான 12 முனைப் பிளக். வேனுக்கு 7 முனை, 12 வோல்ட். இரு வோல்ட்டிலும் எரியும் எல்இடி விளக்குகளைப் பொருத்தி, இடையில் இரு பிளக்குகளையும் இணைக்கும் ஒரு மாற்றுக் கம்பி செய்துகொண்டால் பழைய பிளக்கை அகற்றத் தேவையில்லை. சக்கர பேரிங்கில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் நீலம் பாய்ந்தோ குழி விழுந்தோ இருந்தால் மாற்றிவிட்டுப் புதுக் கிரீஸ் அடையுங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். காலி டிரெய்லரின் எடையையே உங்கள் வேன் இழுக்க அனுமதி உண்டா என்று வேனின் கையேட்டில் முதலில் பாருங்கள். இராணுவத் தகரம் கனமானது.

கேள்வி: போர்க்கால லாரியின் மீட்டர்கள் இருட்டில் ஒளிர்வதில்லை. முள்ளைச் சுரண்டிப் புதிய ஒளிர்சாயம் பூசலாமா? வண்டிக்கு எந்தப் பச்சை அடிப்பது? (வாசகர், தோ பாயோ)

பதில்: சுரண்டாதீர்கள். அக்கால ஒளிர்சாயத்தில் ரேடியம் இருந்திருக்கலாம். அது தன் கதிரியக்கத்தில் பாதியை இழக்கவே 1,600 ஆண்டு ஆகும். ஒளி மங்கியதற்குக் காரணம் அதோடு கலந்த துத்தநாகச் சேர்மம் தேய்ந்துபோனதுதான். தூள் மூச்சில் போவதே ஆபத்து. கண்ணாடி உடையாத மீட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். உடைந்ததை மூடிய பையில் கட்டிவைத்துத் தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் கேளுங்கள்.

பச்சையைப் பொறுத்தவரை கடையில் அட்டை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பேட்டரிப் பெட்டிக்கு அடியிலோ தகவல் தகட்டுக்குப் பின்னாலோ வெயில் படாத ஓர் இடத்தைத் தேடி, ஈரமாக்கிய நுண் உப்புத்தாளால் ஒரு காசு அளவுக்கு மெதுவாகத் தேயுங்கள். உலர்ந்த தூள் பறக்கக்கூடாது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கும். மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில், பிரைமருக்கு மேல் முதலாவதாக இருக்கும் நிறமே தொழிற்சாலையில் பூசியது. அந்தக் காசளவு இடத்தின் மேல் மட்டும் புதுச் சாயம் பூசாமல் விட்டுவையுங்கள்.